ஓர் இருமல் என்றால் சூடு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. வண்டி கிளம்பாமல் மக்கர் பண்ணுமோ என்பது ஒன்று. கிளம்பிய வண்டி பாதி வழியில் கொதித்து, ஆவி கக்கி, நடுத்தெருவில் மானத்தை வாங்குமோ என்பது இன்னொன்று. முதல் பயத்துக்கு எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் போகலாம். இரண்டாவதற்குக் கைராசியிடம்தான் போக வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள்.

கைராசி என்பது ஊர் வைத்த பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால், அவருடைய ஷெட்டை ஒட்டிக் கடை போட்டிருக்கும் லாண்டரிக்காரரே உதட்டைப் பிதுக்குவார். கடைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். முன்பக்கம் இரண்டு கார் நிற்கும். பின்பக்க மூலையில் ஒரு தையல் மெஷின். அதில் உட்கார்ந்து பழைய கார்களுக்கு சீட் கவர் தைப்பவள் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் பொழுது போகாமல் வந்து உட்கார்ந்தவள், பிறகு அந்த மூலையை விட்டுக் கொடுக்கவே இல்லை. மெஷின் ஓடாத நேரத்தில் அவள் வாய் ஓடும். இரண்டும் சேர்ந்து ஓடுகிற நாளும் உண்டு.

கைராசியின் வைத்தியம் வேடிக்கையாக இருக்கும். வண்டி கொதிக்கிறது என்று யாராவது வந்து நின்றால், ஓட்டி வந்த வேகத்திலேயே என்ஜினை நிறுத்தச் சொல்வார். வலது கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். என்ஜினிலிருந்து சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் மேல் ஹோஸைத் தொடுவார். அங்கே ஆறிய தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவரும் கீழ் ஹோஸைத் தொடுவார். மேலே கொதித்து, கீழே வெதுவெதுப்பாக இருந்தால் நல்ல உடம்பு. மேலே கொதித்து, கீழே சில்லென்று இருந்தால் ரேடியேட்டரில் அடைப்பு. என்ஜின் கொதிக்கும்போது இரண்டுமே ஆறிக் கிடந்தால், தண்ணீர் ஓடவே இல்லை. அப்புறம் ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுவார். எங்கே குளிர்ச்சி தட்டுகிறதோ அங்கே அடைப்பு. இடையில் ஹோஸை லேசாக ஓர் அமுக்கு அமுக்குவார். அது எதற்கென்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டால் "கை சொல்லுது" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வழியும். இருக்கட்டுமே, வேறு எதில் பெருமைப்படப் போகிறார் மனிதர்? அடுத்த தெருவில் பளபளவென்று ஒரு சர்வீஸ் சென்டர் வந்தது. அங்கே துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. குறி பார்த்து அழுத்தினால் சூடு எத்தனை என்று நம்பர் காட்டும். "துப்பாக்கி வச்சிருக்கானுங்களாம். போலீஸ் வேலைக்குப் போக வேண்டியதுதானே, இங்க என்ன பண்றானுங்க?" என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கிண்டல் ஊர் முழுக்கச் சுற்றியது. பின்னால் அது அவர் காலையே சுற்றப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

சர்க்கரை வியாதி அவருக்கு வெகு காலமாகவே இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் விடுவார். முதலில் மரத்துப்போனது கால். ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இன்னொன்று எங்கே கழன்று விழுந்தது என்றே தெரியவில்லை. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார். பிறகு விரல் நுனிகளில் ஆரம்பித்தது. மெல்லிய துணியை யாரோ விரல்களில் சுற்றிவிட்டதுபோல இருந்தது. கையை உதறினார், தேய்த்தார், எண்ணெய் போட்டு உருவினார். துணி தடித்துக்கொண்டே போனது.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு ஊசி முனையால் விரல்களைக் குத்திக் குத்திக் கேட்டார். "தெரியுதா? இங்க?" கைராசி எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றார். டாக்டர் குத்தாமலே ஒரு தடவை கேட்டார். அதற்கும் தெரிகிறது என்றார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நரம்பு போயிடுச்சுங்க. போனது திரும்பி வராது. மேல பரவாம பாத்துக்கலாம். சூடான பொருள்கிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்றார். சூட்டைத் தொட்டுப் பிழைக்கிறவனிடம் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கன்னத்தை வைத்துச் சமாளித்தார். கன்னத்தில் உணர்வு நன்றாகவே இருந்தது. எதையோ உற்றுப் பார்க்கிற பாவனையில் குனிந்து ஹோஸின் அருகே முகத்தைக் கொண்டுபோய் ஒரு கணம் ஒட்டி எடுப்பார். ஒரு டாக்ஸி டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வண்டிக்கு முத்தம் குடுக்கிறீங்க? வீட்டுல சொல்லட்டுமா?" என்று ஷெட்டே அதிரச் சிரித்தார். லாண்டரிக்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். கைராசிக்கு மூஞ்சி செத்துப்போயிற்று. அதோடு கன்னத்தை விட்டுவிட்டார்.

மனைவிக்குத் தெரிந்தது ஒரு வாடையால்தான். மெஷினில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைச் சுளித்து, "ஏங்க, ஏதோ பொசுங்குற வாடை வருதே" என்றாள். அவர் கார் முன்னால் குனிந்து, இடது கையால் ஒரு நட்டைத் திருகிக்கொண்டு, "ஒயரா இருக்கும்" என்றார். அவள் எழுந்து வந்து பார்த்தாள். அவருடைய வலது கை, புகை போகும் இரும்புக் குழாயின் மேல் பதிந்திருந்தது. பொசுங்கியது அவர் தோல்.

அவள் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை வெள்ளையாக வெந்திருந்தது. "வலிக்கலையா?" என்றாள். அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். "உங்களைத்தான் கேக்குறேன், வலிக்கலையா?"

"இல்ல."

அவள் கிரீஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுதாள். பிறகு திட்டினாள். மாத்திரையைத் தூக்கிப்போட்டதிலிருந்து ஒற்றைச் செருப்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லித் திட்டினாள். திட்டி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் துப்பாக்கியைத்தான் நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?" என்றாள்.

"கைராசி கையில துப்பாக்கியைப் பாத்தா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். நாளைக்கு எவன் வருவான்?"

"அப்ப என்னதான் பண்றது?"

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். இருட்டிலும் ஊசியில் நூல் கோக்கிற கை அது.

இப்படித்தான் அந்த ஏற்பாடு உண்டாயிற்று. வண்டி வந்து நின்றதும் அவர் "அந்த லைட்டைக் கொண்டா" என்பார். அவள் விளக்கும் துணியும் எடுத்துக்கொண்டு வருவாள். அழுக்கைத் துடைப்பதுபோல மேல் ஹோஸைத் துடைப்பாள். துணிக்கு வெளியே நாலு விரல் ஹோஸில் படும். ஒரு தடவை இருமினால் சூடு. இரண்டு தடவை இருமினால் ஆறியிருக்கிறது. தொண்டையைக் கனைத்தால் வெதுவெதுப்பு. அடுத்து கீழ் ஹோஸ், அடுத்து ரேடியேட்டர். அவருடைய கை அவள் கையின் பின்னாலேயே சும்மா போய்வரும். பழக்க தோஷத்தில் ஹோஸை அமுக்கக்கூடச் செய்யும். அந்த அமுக்கில் அவருக்கு ஒன்றும் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடிதான் இருந்தது.

ஆரம்பத்தில் அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே, "ஏங்க, இந்த ஹோஸ் இங்க பொதபொதன்னு இருக்கு, அந்தப் பக்கம் விறைப்பா இருக்கு, பாருங்களேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். வண்டிக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். கைராசி அவள் கையிலிருந்து விளக்கை வாங்கிக்கொண்டார். சிரித்துச் சமாளித்தார். வீட்டுக்கு வந்ததும் வெடித்தார்.

"கேட்டதுக்கு மட்டும் சொல்லு. சூடா, ஆறியிருக்கா. அவ்வளவுதான். உன் ஆராய்ச்சியையெல்லாம் யார் கேட்டா? என் பேரைக் கெடுத்துடுவ போலிருக்கே!"

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு அவர் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வந்து விழுந்தது. அப்புறம் அவள் ஷெட்டில் இருமலைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. எப்போதாவது "ஏங்க" என்று ஆரம்பித்தால் அவர் திரும்பி ஒரு முறை முறைப்பார். அதோடு அடங்கிவிடுவாள். வாய் ஓயாத பெண்ணை இப்படி ஊமையாக்கிவிட்டோமே என்று அவருக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் பிழைப்பு ஓடியது. வருகிறவர்கள் "அக்காவுக்கு இருமல் விடவே மாட்டேங்குதே, ஒரு நல்ல டாக்டரைப் பாக்கக் கூடாதா?" என்று அக்கறையாகக் கேட்பார்கள். "பெட்ரோல் வாடை ஒத்துக்கல" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொல்வாள். வீட்டுக்குப் போனதும் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்குள் இருந்த நெருக்கம் கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை.

பல் டாக்டரம்மாவின் கார் வந்தது இந்தச் சமயத்தில்தான். பாலாடை நிறத்தில், உருண்டை விளக்கு வைத்த பழைய கார். அவருடைய அப்பா கடைசி வரைக்கும் ஓட்டியது. அப்பா போன பிறகு விற்க மனசில்லாமல் இவர் ஓட்ட ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் ஓடினால் கொதித்துவிடும், ஆறவிட்டால் மறுபடி ஓடும், மறுபடி கொதிக்கும். முதல் தடவை வந்தபோது கைராசி ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். சில நாள் நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை, சூடேறியதும் திறந்து தண்ணீரை விடுகிற சின்ன வால்வைச் சந்தேகப்பட்டு மாற்றினார். பம்பையும் பிரித்துப் பார்த்தார். அதுவும் சில நாள்தான். அவருக்குத் தூக்கம் போயிற்று. இப்படி ஒரு வண்டி அவர் கைக்கு அடங்காமல் போனதே கிடையாது. மனைவியின் இருமலில் எந்தத் தப்பும் இல்லை. சூடு என்றால் சூடு, குளிர்ச்சி என்றால் குளிர்ச்சி. பிறகு எது பிடிபடவில்லை என்று அவருக்கு விளங்கவே இல்லை.

அந்த இரண்டாவது தடவை டாக்டரம்மா அவர் கையைக் கவனித்துவிட்டார். "அண்ணே, கையைக் காட்டுங்க. இது சுட்ட காயம்தானே? எப்ப பட்டுச்சு?"

"எப்பவோ."

"எப்பவோன்னா? இவ்வளவு பெரிய காயம், எப்பன்னு தெரியாதா? சுகர் இருக்கா உங்களுக்கு?"

"நீங்க பல்லைப் பாருங்கம்மா. வண்டியை நான் பாத்துக்குறேன்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டரம்மா சிரித்து விட்டுவிட்டார். ஆனால் போகும்போது இன்னொரு தடவை அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மூன்றாவது தடவை ஒரு காலை வேளையில் வந்தார். ஷெட் வாசலுக்கு வரும்போதே முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இறங்கி, சாவியைக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவையும் சரியாகலைன்னா அந்த சர்வீஸ் சென்டர்ல குடுத்துடறேன். அவங்க மெஷின் வச்சுப் பாக்கறாங்களாம்."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கைராசி கைவிட்ட வண்டியைத் துப்பாக்கிக்காரன் சரி பண்ணினான் என்று ஊர் பேசும். அதற்கு அடுத்த பேச்சு என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். முன்மூடியைத் தூக்கி வைத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆறவிட்டார். டாக்டரம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த லைட்டைக் கொண்டா" என்றார்.

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். விளக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு குனிந்து மேல் ஹோஸைத் துடைத்தாள். அவள் விரல்கள் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றன. இரண்டு தடவை இருமினாள். கீழ் ஹோஸ். இரண்டு தடவை. ரேடியேட்டர். இரண்டு தடவை. பிறகு மறுபடியும் மேல் ஹோஸுக்குப் போனாள்.

"ஏங்க..." என்றாள்.

அவர் திரும்பி முறைத்தார். டாக்டரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து கிட்டே வந்துகொண்டிருந்தார். மனைவி உதட்டை மூடிக்கொண்டாள். இன்னும் இரண்டு தடவை இருமினாள்.

எல்லாமே ஆறிக் கிடக்கிறது. என்ஜின் கொதிக்கிறது, ஆனால் சூடு ரேடியேட்டர் பக்கம் வரவே இல்லை. அப்படியானால் உள்ளே தண்ணீர் இல்லை, எங்கேயோ ஒழுகிக் குறைந்திருக்கிறது. அவர் மனம் கணக்குப் போட்டுவிட்டது. "தண்ணி குறைஞ்சிருக்கும்மா. திறந்து காட்டறேன், நீங்களே பாருங்க" என்றார். ரேடியேட்டர் மூடியின் மேல் துணியைப் போட்டுப் பிடித்தார். ஆறிய வண்டியானாலும் மூடியை முதலில் கொஞ்சம் திருப்பி, உள்ளேயிருந்து முட்டுகிறதா என்று கையால் பார்த்துவிட்டுத்தான் முழுதாகத் திறக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் திறந்திருக்கிறார். அன்றைக்கு மூடி அவர் கையை முட்டத்தான் செய்திருக்கும். அந்தக் கைக்கு அது தெரியவில்லை. டாக்டரம்மா பார்க்கிறார் என்று ஒரே அழுத்தில் திருகி எடுத்துவிட்டார்.

தண்ணீர் தகரக் கூரை வரைக்கும் போய் அடித்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவளின் முகத்தில்தான் அது முதலில் பட்டது.

அவள் அலறிய அலறலில் லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். துணி பொசுங்கிக்கொண்டிருந்தது. கைராசி மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். கொதிநீர் அவர் இரண்டு கைகளின் மேலும் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு ஈரம்கூடத் தெரியவில்லை. டாக்டரம்மாதான் வாளித் தண்ணீரைத் தூக்கி மனைவியின் மேல் ஊற்றினார். மறுபடி மறுபடி ஊற்றினார். லாண்டரிக்காரரின் வேனில் ஏற்றிப் போகும்போது, மனைவியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, உங்க கை!" என்றார். தோல் கையுறைபோலக் கழன்று தொங்கியது.

"எனக்கு வலிக்கலம்மா" என்றார் கைராசி. "அவளைப் பாருங்க. எனக்கு வலிக்கல."

அவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்தது அந்த வார்த்தையில் வெளியே வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குப் புரிந்தது.

தீக்காய வார்டில் அவளுக்கு முகம், கழுத்து, மார்பு, வலது கை எல்லாம் கட்டு. கண்ணிலும் கட்டு. நெற்றியில் மயிர்க்காலை ஒட்டி ஒரு துண்டு இடம் மட்டும் மிஞ்சியிருந்தது. பார்வையைப் பற்றிக் கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் வார்டு டாக்டர். "இப்ப முக்கியம் காய்ச்சல் வராம இருக்கறதுதான். வந்தா புண்ணுல கிருமி ஏறிடுச்சுன்னு அர்த்தம். நர்ஸ் வந்து பாப்பாங்க, நடுவுல நீங்களும் பாத்துக்குங்க. சந்தேகமா இருந்தா உடனே கூப்பிடணும்." அவருக்கும் இரண்டு கையிலும் மணிக்கட்டைத் தாண்டிக் கட்டுப் போட்டு, ஒரு ஸ்டூலைக் காட்டினார்கள். அதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அவள் பேசினாள். வாய் முழுதாகத் திறக்கவில்லை. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"ஏங்க, அந்த ஹோஸ் கல்லு மாதிரி இருந்துச்சு."

"எந்த ஹோஸ்?"

"மேல் ஹோஸ்தான். ஆறித்தான் இருந்துச்சு. ஆனா கல்லு. அமுக்கவே முடியல. போன ரெண்டு தடவையும் அப்படித்தான் இருந்துச்சு. ஆறியிருக்கறது எப்படி இவ்வளவு விறைப்பா இருக்கும்னு நினைச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சொல்லலாம்னுதான் ஏங்கன்னு கூப்பிட்டேன். நீங்க முறைச்சீங்க. அதுக்கு இருமலும் இல்ல நம்மகிட்ட."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அந்த நிமிஷம் அவருக்கு வண்டியின் கோளாறு தெரிந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட். என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் தகடு. அது விட்டுப்போனால், உள்ளே வெடிக்கிற காற்று தண்ணீருக்குள் புகுந்துவிடும். புகுந்த காற்று தண்ணீரை ஓடவிடாமல் மறிக்கும். என்ஜின் கொதிக்கும், ரேடியேட்டர் ஆறிக் கிடக்கும், ஹோஸ் மட்டும் காற்றடைத்த டயர்போலக் கல்லாக நிற்கும். மூடியைத் திறந்தால், என்ஜினுக்குள் அடைபட்டுக் கொதிக்கிற தண்ணீரை அந்தக் காற்று மொத்தமாக வெளியே தள்ளும். ஒரே ஒரு அமுக்கு போதும். சூடும் விறைப்பும் அவருடைய கைக்கு எப்போதுமே ஒரே சேதியாகத்தான் வந்திருக்கின்றன. கையைப் பறிகொடுத்த பிறகு அதை வார்த்தையாக மாற்றி மனைவியிடம் கொடுத்தபோது பாதியைத்தான் கொடுத்தார். மிச்சப் பாதியை அவளே கண்டுபிடித்துச் சொல்ல வந்தாள். சொல்லவிடாமல் வாயைக் கட்டிப்போட்டவர் அவர்தான். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. கட்டுப் போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முகத்தில் துணி பட்டது தெரிந்தது. கையில் முகம் பட்டது தெரியவில்லை.

டாக்டரம்மா பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வார்டு வாசலில் நின்று கைராசி சொன்னார்: "வண்டியில ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்மா. ஓட்டாதீங்க. அந்த சர்வீஸ் சென்டர்லயே குடுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"வண்டி கிடக்கட்டும்ண்ணே, இப்ப அதுவா முக்கியம்?"

"இல்ல, கேளுங்க. என் கை செத்து ரொம்ப நாளாச்சு. அவதான் தொட்டுத் தொட்டு எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தா. நீங்க கேட்டப்பவே நான் ஒத்துக்கிட்டிருக்கணும்."

டாக்டரம்மா பழப்பையை அவர் முழங்கையில் மாட்டிவிட்டார். "அன்னைக்கு நான்தான் விடாம கேட்டிருக்கணும்" என்றார்.

பிற்பகலில் வார்டு அடங்கியிருந்தது. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில் மனைவி முனகினாள்.

"ஏங்க, குளிருதே. போர்வை இருக்கா? காய்ச்சல் அடிக்குதான்னு தொட்டுப் பாருங்களேன்."

யாரிடம் கேட்கிறோம் என்பதை அவள் அந்த மயக்கத்தில் மறந்துவிட்டாள். அவர் கையைத் தூக்கினார். வெள்ளைத் துணி உருண்டையாக அது முன்னால் வந்து நின்றது. துணியைப் பிரித்தாலும் அதற்குள்ளே இருப்பது எதுவும் சொல்லப்போவதில்லை. சுற்றிலும் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர், அவருடைய அக்கா, எதிர்க்கட்டிலில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, எல்லோரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். அவர் குனிந்து, கட்டுக்கு மேலே மிஞ்சியிருந்த அந்தத் துண்டு நெற்றியில் தன் கன்னத்தை வைத்தார். ஹோஸில் வைத்ததைவிட நெடுநேரம் வைத்திருந்தார்.

அனலாகக் கொதித்தது.

"சூடா, ஆறியிருக்கா?" என்றாள் அவள். அந்த நிலையிலும் அவருடைய குரல் மாதிரியே கேட்டாள்.

"சூடா இருக்கும்மா. ரொம்பச் சூடா இருக்கு" என்றார். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி நர்ஸைக் கூவி அழைத்தார்.

வார்டு முழுவதற்கும் ஒருவராக ஓடிக்கொண்டிருந்த நர்ஸ், ஊசித் தட்டோடு வேகமாக வந்தார். "என்ன, காய்ச்சலா?"

"காய்ச்சல்தாம்மா. நெத்தி கொதிக்குது. குளிருதுன்னு சொல்றா. காலையில பேசினப்போ மூச்சு நிதானமா இருந்துச்சு, இப்ப வேகமா வாங்குறா. உதடு காஞ்சிருக்கு. அந்தக் கழுத்துக் கட்டுல மஞ்சளா ஊறியிருக்கு, பாருங்க, காலையில அது இல்ல. ஒரு வாடையும் வருது. கால் விரலெல்லாம் துடிக்குது..."

"ஐயா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்றார் நர்ஸ் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே.

அவர் நிறுத்தவில்லை. டாக்டர் ஓடிவந்த பிறகும், அவளைச் சுற்றித் திரையை இழுத்து அவரை வெளியே நிற்கச் சொன்ன பிறகும், திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, தான் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.